குரங்குக்குப் போட்ட பூட்டு

எங்கள் வீடு ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. சீசன் வந்துவிட்டால் மனசு லேசாக வேண்டும் என்று ஊர் உலகமே தலை நிறைய எண்ணெயோடு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அந்த வாசலுக்குள் இருந்துகொண்டு எனக்கு மனசு சரியில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் கணவரின் அக்கா முத்துசெல்வி நம்பவில்லை. "குத்தாலத்துல இருந்துக்கிட்டு ஒனக்கு என்னட்டி கவலை? எங்க வீரகேரளம்புதூர் வெயில்ல வந்து கெடந்து பாரு, தெரியும்" என்று போனிலேயே முடித்துவிட்டாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம், காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றுவிட்டேன். இனி எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதே பயமாக இருந்தது. ஓடி இறங்கி வந்து மாடிக் கதவைப் பூட்டினேன். அன்றிலிருந்து அந்தப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. உலை வைத்தால் போய்ப் பார்ப்பேன். குளிக்கப் போகுமுன் பார்ப்பேன். படுத்த பிறகும் எழுந்து போவேன். பூட்டு பூட்டித்தான் இருக்கும். ஆனால் சாவி என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

என் கணவர் காந்திமதிநாதன் இதைக் கவனித்தார். "குரங்குக்கா இப்படிப் பயப்படுத?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துவைத்த சட்டையைக்கூடக் குரங்கு தூக்கிக்கொண்டு போகிற ஊரில் அதைவிட வசதியான பொய் எங்கே கிடைக்கும்?

அவருக்குத் தென்காசியில் ஹார்டுவேர் கடை. மனுஷருக்கு வருகிற எல்லாக் கஷ்டத்துக்கும் தன் கடையில் ஒரு சாமான் இருக்கிறது என்று நம்புகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கம்பி வலையும் ஆணியுமாக வந்து இறங்கினார். ஜன்னல், வென்டிலேட்டர், புறவாசல் என்று ஒன்று விடாமல் அடித்தார். "இனி ஒரு வாலு உள்ள நுழையாது பிரியா" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வலைக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்துபோன சமையலறையில் நின்று அவருக்குக் காபி ஆற்றினேன். தங்கமான மனிதர். தங்கமான மனிதரோடு சண்டை போடவும் வழியில்லை, அதுதான் என் எரிச்சல்.

ஆனியில் சாரல் விழுந்ததும் மதினி முத்துசெல்வி குடும்பத்தோடு வந்துவிட்டாள். என்னை இழுத்துக்கொண்டு மெயினருவிக்குப் போனாள். பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். "தலையக் குடுட்டி, எல்லாம் எறங்கிரும்" என்று பிடரியில் கைவைத்து உள்ளே தள்ளினாள். தண்ணீர் இறங்கியது, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. முன்னாலும் ஈர முதுகு, பின்னாலும் ஈர முதுகு. அலறினேன். அருவிக்குள் எல்லோரும்தான் அலறிக்கொண்டிருந்தார்கள், என் அலறலை யார் தனியாகப் பிரித்துக் கேட்பார்கள்? கால் மடங்கி விழுந்த பிறகுதான் இழுத்து வெளியே போட்டார்கள்.

தென்காசியில் டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார். அதே கிளினிக்கில் வியாழக்கிழமைதோறும் வருகிற ஹஸீபா என்ற கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார். வியாழன் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் ஒருநாள் நானே அந்தப் பூட்டைத் திறந்துவிடுவேன்.

ஹஸீபாவுக்கு என்னைவிட வயது குறைவு. "சொல்லுங்கக்கா, தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?"

"தூக்கமே கெடையாது மேடம்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர். "எந்திச்சு எந்திச்சுப் போயி மாடிக் கதவப் பாப்பா."

"சாப்பாடு?"

"சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருப்பா. உள்ள எறங்காது."

"அழுகை வருமாக்கா?"

"சும்மா உக்காந்திருக்கும்போதே கண்ணு கலங்கிரும் மேடம்."

ஒன்றும் பொய்யில்லை. எல்லாவற்றையும் கவனித்து வைத்திருக்கிறார். கேள்வி என்னைப் பார்த்து வருகிறது, பதில் அவரிடமிருந்து போகிறது. நடுவில் நான் ஒப்படைக்க வந்த பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஹஸீபா அவரைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"தனியா விட்டா பயப்படுவா மேடம்" என்று அவர் நாற்காலியை என் பக்கம் இன்னும் நகர்த்திக்கொண்டார். "எல்லாம் இந்தக் குரங்கால வந்தது. அதுக்கும் வழி பண்ணிட்டேன். நாளைக்கு மாடிக் கதவுல இருந்து பூட்டையே கழட்டிரப் போறேன். தெறந்து கெடந்து பழகினாத்தான் பயம் தெளியும்."

அருவிக்குள் மாட்டிய மாதிரியே மூச்சு முட்டியது.

"கழட்டாதிய" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது குரங்குக்குப் போட்ட பூட்டு இல்ல. எனக்குப் போட்டது. மேல போனா உயிரோட எறங்கி வர மாட்டேன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். ஹஸீபா பதறவில்லை. "இதச் சொன்னது ரொம்ப நல்லதுக்கா" என்றார். சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்தேன். அதை இப்போதைக்குச் சார் வைத்திருக்கட்டுமா என்று என்னிடமே கேட்டார். தலையாட்டினேன். என் கணவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

"நான் வலை அடிக்கும்போதே சொல்லிருக்கலாம்லா பிரியா?" என்று கேட்டார்.

"நீங்க எவ்வளவு சந்தோஷமா அடிச்சுக்கிட்டு இருந்திய" என்றேன்.

அவர் குனிந்துகொண்டார். ஹஸீபா என்னிடம், "எப்பலருந்து இப்படித் தோணுதுக்கா?" என்று கேட்டார்.

பழக்கத்தில் என் கணவர் வாயைத் திறந்தார். பதில் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.