தீச்சட்டி கிருஷ்ணப்பனின் கை

ஸ்கேன் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஆடித் திருவிழாக் கமிட்டித் தலைவர் துரை ஐந்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருபது வருஷமாக இஸ்திரி போடுகிறவர் அவர். எதையும் ஒருமுறை விரித்துப் பார்த்தால் சுருக்கம் எங்கே என்று தெரிந்துவிடும் என்பார்.

"இதுல இன்னாபா கோளாறு கீது? மண்ட நல்லாத்தான கீது?"

"படத்த தலகீயா புட்ச்சிகினு கீறண்ணா," என்றான் கிருஷ்ணப்பன்.

படத்தில் இருந்தது கிருஷ்ணப்பனின் தலைதான். நாற்பத்து நான்கு வயது, கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை இறக்குகிற வேலை. ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குத் தீச்சட்டி. அதைத் தூக்க வேண்டியவன் அவன். அதற்கு முந்தின வியாழக்கிழமை அவனுக்குத் தலையில் ஆபரேஷன். கமிட்டி கூடியது இதற்காகத்தான்.

இவனுக்கும் தீச்சட்டிக்கும் சம்பந்தம் வந்தது ஒரு விபத்தில். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத் திருவிழாவில், சட்டி தூக்கி வந்த ராமதாஸ் ஸ்பீடு பிரேக்கரில் தடுக்கித் தடுமாறினான். நெருப்போடு சட்டி சரிந்தது, எதிரே குழந்தைகள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கிருஷ்ணப்பன் எட்டிப் பிடித்தான். பிடித்தவன், வேப்பிலை கூட இல்லாமல், வெறுங்கையில், "எங்கபா வெக்கறது?" என்று விசாரித்துக்கொண்டே நாலு தெரு நடந்து கோயில் வாசலில் இறக்கினான். கை பூரா கொப்புளம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இத்தனைக்கும் அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது புத்தர் படம்.

"அதான் அம்மா இவன தேடிப் புட்ச்சிருக்கா," என்று துரை விளக்கம் சொன்னார். 

அன்றிலிருந்து அவன் தீச்சட்டி கிருஷ்ணப்பன். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அவன் குழந்தையின் தலையில் கை வைத்து அனுப்புவான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. மூட்டை தூக்குகிறவனை நாலு பேர் கும்பிட்டால் யாருக்குத்தான் மனசு குளிராது?

இரண்டாவது வருஷமும் தூக்கினான். மூன்றாவது வருஷம், ஆனி மாதத்தில் ஒரு நாள், மனைவி செங்கொடி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் சங்கமித்ரா பாயில் சுருண்டு கிடந்தாள். கிருஷ்ணப்பன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். தோல் தெரிந்தது, முடி தெரிந்தது. சூடு தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, தூங்கு," என்றான். ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். செங்கொடி கத்தவில்லை, அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊரு புள்ளைங்க தலையில எல்லாம் கைய வெச்சியே, நம்ம புள்ள நெத்தி கொதிச்சது ஒனக்குத் தெர்லியா?"

அந்தக் கேள்வி கிருஷ்ணப்பனை அறுத்துப் போட்டது. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாளே தன் கையைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றான்.

டாக்டரம்மா கையைப் பார்த்தாள். பீடி சுட்டதும் டீ கொட்டியதுமாக விரலெல்லாம் தழும்பு. பிறகு சம்பந்தமே இல்லாமல், "சின்ன வயசுல சிரிச்சா, இருமுனா பின்மண்டை வலிக்குமா?" என்று கேட்டாள். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடத்தில் சிரித்த கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நடிக்கிறான் என்று வாத்தியார் அதே மண்டையில் ஒன்று போடுவார்.

"ஆனா வயசுக்கு வந்தப்புறம் போயிட்ச்சிம்மா. ஃபுட்பாலுல தலையாலயே கோல் போட்டுகிறேன், நம்ம கிரவுண்டுல வந்து கேட்டுப் பாருங்க. இப்ப நாலு வருசமாத்தான் திரும்ப வருது."

"போகல. சும்மா இருந்துச்சு," என்றாள் டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு. "உங்க சிறுமூளையோட அடிப்பாகம் பிறவியிலேயே கழுத்துக்குள்ள கொஞ்சம் தொங்குது. ஒவ்வொரு வயசுல ஒவ்வொரு மாதிரி காட்டும். சில பிள்ளைங்களுக்கு வளர வளரக் குறையும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு நாப்பதுக்கு மேல தண்டுவடத்துக்குள்ள நீர் கோத்திருக்கு. அதனாலதான் தொட்டா தெரியுது, சூடு தெரியல. அப்படியே விட்டா நடையும் தடுமாறும். பின்னாடி எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் பண்ணிக் கொடுக்கணும்."

இதையெல்லாம் கமிட்டியில் கிருஷ்ணப்பன் ஒன்றுவிடாமல் சொன்னான். துரை கன்னத்தில் கை வைத்து யோசித்தார்.

"ஒண்ணு பண்ணு. ஃபுல்லா சரி பண்ண வாணாம்னு சொல்லு. நம்ம வேலைக்குத் தேவையானத மட்டும் உள்ளயே வெச்சித் தைக்கச் சொல்லு."

கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததுதான் தாமதம், பின்மண்டையில் வலி வெட்டியது. தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியா, அம்மாவுக்குக் கோவம்," என்றான் ராமதாஸ்.

மறுநாள் கமிட்டியே திரண்டு, மாலை, எலுமிச்சம்பழம் சகிதம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிற்று. அவள் பாவம், வந்தவர்களை நோயாளியின் சொந்தக்காரர்கள் என்று நினைத்துப் பொறுமையாகப் பேசினாள்.

"பெருசா நம்பிக்கை வச்சுக்காதீங்க. போன உணர்ச்சி திரும்ப வரும்னு உறுதி சொல்ல முடியாது. இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தத்தான் ஆபரேஷன்."

துரையின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தக் கை இப்ப கீற மாதிரியே இருக்கும்?"

"இருக்கலாம்."

"அப்ப இன்னாத்துக்கு லேட்டு? சட்டுன்னு பண்ணிடுங்கம்மா!"

அதே சூட்டில் ஏழு பேர் வரிசையாகப் படுத்து ரத்தம் கொடுத்தார்கள். இப்படி ஒரு பாசமான கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் மட்டும் இடிந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கும்பல் எதற்குச் சந்தோஷப்பட்டதோ, அதைத் தொலைக்கத்தான் அவன் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வருஷம் தீச்சட்டி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஊர்வலம் போயிற்று. அம்மனுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. கிருஷ்ணப்பனுக்குத் தலைவலி போய்விட்டது, வாய்விட்டுச் சிரித்தான். கை மட்டும் அப்படியே இருந்தது. செங்கொடி தெர்மாமீட்டர் வாங்கி வந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்கு ஜுரமா என்று ஒரு கண்ணாடிக் குச்சியைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் அவனுக்கு மனசு குமைந்தது. தினமும் காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பார்ப்பான். ஒன்றும் தெரியாது.

அடுத்த ஆடிக்கு நோட்டீஸ் அடித்தார்கள், 'தீச்சட்டி அருளாளர் கிருஷ்ணப்பன்' என்று போட்டோவோடு. ரத்தம் கொடுத்தவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது? ஒப்புக்கொண்டான். ஒரு மாதமாக வலது கை விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, அது வெறும் எறும்பாகப் போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை பம்பை முழங்க, துரை சட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். அருளாளருக்கு எதற்கு வேப்பிலை என்று அதையும் விலக்கிவிட்டார். கிருஷ்ணப்பன் மூன்று அடி வைத்தான். நான்காவது அடியில் அலறினான்.

"சுடுது!"

கூட்டம் சிலிர்த்துப்போயிற்று. "சுடுது!" என்று ராமதாஸ் கையை உயர்த்தினான். "சுடுது! சுடுது!" என்று தெருவே திருப்பிச் சொல்லிற்று. பம்பைக்காரர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், நெஜமாவே சுடுதுடா!"

"நெஜமாவே சுடுது! நெஜமாவே சுடுது!"

கிருஷ்ணப்பன் குதித்தான், அவர்களும் குதித்தார்கள். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதோடு சிரிப்பும் வந்தது. சிரிக்கச் சிரிக்க மண்டையில் ஒரு வலியும் இல்லை. "புடிண்ணா!" என்று சட்டியைத் துரை கையில் திணித்தான். இஸ்திரிப் பெட்டியோடு பழகிய துரை, துண்டை மடித்து அடியில் கொடுத்துச் சட்டியை வாங்கிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று புரியாமலே, "சுடுது!" என்று சொல்லிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். கூட்டமும் அவர் பின்னால் போயிற்று.

செங்கொடி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். கிருஷ்ணப்பன் மூச்சிரைக்க வந்து குந்தி உட்கார்ந்து, வெந்த கையைச் சங்கமித்ராவின் நெற்றியில் வைத்தான். நெற்றி ஜில்லென்று இருந்தது.

"எனக்கு ஜொரம் இல்ல நைனா," என்றாள் குழந்தை.

"தெர்தும்மா," என்றான் கிருஷ்ணப்பன். "எனக்கே தெர்து."