‘மூடியது’ என்று குறித்தவள்

1

இந்தக் கதை பிறந்தது என் சுட்டுவிரலில். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பாதியில் தெரிந்தால் ஏமாற்றிவிட்டாள் என்பீர்கள்.

அம்மான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் இயந்திரங்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பெரிய வித்தை இல்லை. திரையில் படம் வரும், இது இன்னது என்று சுட்டுவிரலால் தட்டிக் குறிக்க வேண்டும். முதலில் தக்காளி: பழுத்தது, பழுக்காதது. அந்த வருடமே பள்ளத்தாக்குப் பண்ணைகளில் தக்காளி தரம் பிரித்த பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் நுரையீரல் படங்கள். சிமெண்டுக் குழாயில் விரிசல். கடைசியாகக் கண்கள்: திறந்தது, மூடியது. அரைக்கண் வந்தால் மூடியது என்று குறிக்கச் சொன்னார்கள். குறித்தேன்.

‘தைசீர் என்றொரு லாரி ஓட்டுநர் இருந்தார், அவர் ஒருநாள்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவரை யாரோ போல எழுத எனக்கு வரவில்லை. தைசீர் என் அக்கா ரவ்தாவின் கணவர்.

2

மஆன் ஊர்க்காரர். அகபா துறைமுகத்திலிருந்து அம்மானுக்குப் பத்தொன்பது வருடம் சரக்கு ஓட்டியவர், ஒரு கீறல் இல்லாமல். பிறவியிலேயே இடது இமை பாதி இறங்கியிருக்கும். கல்யாணத்தன்று, “மாப்பிள்ளை இப்பவே கண்ணடிக்க ஆரம்பிச்சிட்டாரு!” என்று பெண்கள் ஓட்டினார்கள்.

போன வருடம் கம்பெனி எல்லா லாரியிலும் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா வைத்தது. கண் மூடினால் இருக்கை உதறும், சத்தம் கேட்கும். முதல் பயணத்தில் நாற்பத்தொரு முறை உதறியது. வழி முழுக்க அவர் விழித்திருந்தார். பாதி வழி பாடிக்கொண்டுகூட வந்தார்.

இறங்கியதும் மேற்பார்வையாளன் நிளால், ரகத்தின் அப்பா என்று மகள் பேரோடு சேர்த்து அவரைக் கூப்பிட்டான்.

“அபூ ரகத், நாப்பத்தோரு தடவை தூங்கியிருக்கியே.”

“தூங்கினவன் மலை இறக்கத்துல உருண்டு கிடப்பானா, இங்க வந்து உன் காப்பியக் குடிப்பானா?”

“நான் சொல்லலப்பா. கேமரா சொல்லுது.”

“அதுக்கு என் மூஞ்சி தெரியாது. உனக்குமா தெரியாது?”

நிளால் திரையைத் திருப்பிக் காட்டினான். “இவனுக்குப் பிறவியிலயே இப்படின்னு சொல்ல இதுல ஒரு இடம் இருந்தா நானே எழுதிடுவேன். நீயே தேடிப் பாரு.”

(நிளாலைக் கெட்டவனாக்க மூன்று முறை முயன்றேன். கெட்டவன் ஒருவன் இருந்தால் கதை சுலபம். ஆனால் பேசும்போது அவன் தன் தலைக்கு மேலே இருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தான் என்று தைசீரே சொன்னார். என்ன செய்ய?)

மருத்துவரின் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி மேசையில் வைத்தார்கள். இன்னும் இரண்டு பயணம் இப்படி வந்தால் வேலை இல்லை என்றார்கள்.

3

பிளாஸ்திரி யோசனை அக்காவுடையது. (இதை எங்கும் எழுதாதே என்று அப்போதே சொன்னாள். எழுதிவிட்டேன்.) தினமும் அவர் கிளம்பும்முன் இமையைத் தூக்கிப் புருவத்தோடு ஒட்டிவிடுவாள்.

“கொஞ்சம் சிமிட்டுங்க, பாப்போம்.”

“சிமிட்ட முடிஞ்சா ஒட்டினதுக்கு என்னடி அர்த்தம்?”

ஒட்டிய முதல் நாள் ஒருமுறைகூடச் சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை. இரண்டாம் மாதம், மிக விழிப்பான ஓட்டுநர் என்று அவர் படத்தைக் கம்பெனிச் சுவரில் மாட்டினார்கள்.

பாலைவனச் சாலை. வெயில், மணல், இமைக்காத கண். கண் சிவந்தது, சீழ் வைத்தது. சொன்னால் லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று, பிளாஸ்திரியைத் தானே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டிலும் மறைத்தார். லாரியில் ஏறும்போது மட்டும் கழற்றுவார். கேமராவுக்குக் கண் தெரிய வேண்டுமே. ஒருநாள் இடது பக்கம் முழுக்கப் பனி மூடினது போலாயிற்று. அதற்குப் பிறகும் பத்து நாள் ஓட்டினார். அந்தப் பத்து நாளும் கேமரா வாயைத் திறக்கவில்லை. கண் திறந்துதானே இருந்தது!

கருவிழி புண்ணாகித் தழும்பேறிவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். ஒற்றைக் கண்ணோடு கனரக வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம். நியாயமான சட்டம், குறைசொல்ல எனக்கு வழியில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

4

முடிவு ஒன்று: கம்பெனி மன்னிப்புக் கேட்கிறது. (எழுதும்போதே சிரிப்பு வந்தது.)

முடிவு இரண்டு: தைசீர் சக்கர ஸ்பேனரால் கேமராவை அடித்து நொறுக்கி... உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் வயலில் மேயும் ஆட்டைக்கூடக் கல்லெடுத்து விரட்டாதவர்.

நடந்தது இது. போன வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன்.

“மச்சான், அந்தக் கண்ணு படமெல்லாம் குறிச்சது எங்க ஆபீஸ் மாதிரி இடத்துலதான். நானும் குறிச்சேன்.”

“என் லாரிக்கா?”

“தெரியாது. எதுக்குன்னு எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, இன்றுவரை.

“என் கண்ணு மாதிரி வந்துச்சா, புள்ள?”

“வந்துச்சு.”

“என் நெனப்பு வரலையா?”

“வந்துச்சு. ஒரு தடவ.”

“அப்புறம்?”

“மூடியதுன்னு குறிச்சிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு படத்த எவ்வளவு நேரம் பாப்பே?”

“நாலு வினாடி.”

“சரி. பாரு.”

இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்தார். உள்ளே பால் போல ஒரு வெள்ளை.

“ஒண்ணு,” என்றார். “ரெண்டு.”

நான் தலை குனிந்துகொண்டேன். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

“மூணு. நாலு.” பிறகு, “குறி,” என்றார்.

இதற்குக் கீழே ‘அவர் என்னை மன்னித்தார்’ என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாசிக்கிற நீங்களும் அவருக்காக அதைச் சொல்லிவிடாதீர்கள்.