மருத்துவமனை எங்கே இருக்க வேண்டும்?

எங்கள் ஊர் அரசு மருத்துவமனை மக்கள் கருத்துப்படி இடம் மாறும். காலையில் எல்லோருக்கும் போன் வரும். மருத்துவமனை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு குரல் கேட்கும். எந்தத் தெருவுக்கு ஓட்டு அதிகமோ, அந்தத் தெருவுக்குக் கட்டடம் கிளம்பிப் போய்விடும்.

என் கணவர் போத்திராஜுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து மருத்துவமனையின் பின்னாலேயே போவேன். நெருங்கும்போது அது நகர்ந்துவிடும். ஒருநாள் மருந்து கொடுக்கும் சன்னலைத் தொட்டேவிட்டேன். அன்று ஜவுளிக்கடைத் தெரு ஜெயித்தது.

"விட்ரு சீனி. மூச்சு வாங்குது," என்றார் அவர்.

"உங்களுக்கா, எனக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

நான் விடவில்லை. கருத்துக்கணிப்பு அலுவலகத்துக்குப் போனேன். படிக்கட்டில் ஏற ஏறக் கீழே போனேன். திரும்பி நின்று இறங்கினேன். மாடி வந்தது.

அங்கே அதிகாரி தேவசிகாமணி, தொட்டியில் முளைத்திருந்த ஒரு சதவீதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நோயாளிங்களக் கேட்டீங்களா சார்?"

"கேக்காம இருப்பமா? போன எடுக்க மாட்டேங்குறாங்கம்மா. படுத்தே கெடக்காங்க."

"அப்ப யாரு பதில் சொல்றது?"

"நல்லா இருக்கிறவங்க. அவங்களுக்குத்தான் தெம்பு இருக்கு."

அன்று மாலை வீடு வீடாகப் போனேன். நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொடுத்தேன். சிலர் எழுந்து உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார்கள். எழ முடியாதவர்களின் காதருகே போனை வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் குரல் கேட்டது. மருத்துவமனை எங்கே இருக்க வேண்டும்?

"வழியில," என்றோம்.

நன்றாக இருந்தவர்கள் அவரவர் தெருவைச் சொல்லிப் பிரிந்துபோனார்கள். வழி ஜெயித்தது. தேவசிகாமணி என்னைக் கூப்பிட்டார்.

"வழின்னு ஒரு தெருவே இல்லையேம்மா."

"அதிகமா வந்தது அதுதான சார்?"

எண்ணிக்கையை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "ஆமா," என்றார்.

மருத்துவமனை எங்கும் போய்ச் சேராமல் ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வாசலில் வேகம் குறைந்தது. தள்ளுவண்டியோடு ஏறிக்கொண்டோம். நர்ஸ் எதுவும் கேட்காமல் அவர் கையில் ஊசியைக் குத்தினாள். இயந்திரம் ஓடியது. அவர் கண்ணயரும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பால்பண்ணை வளைவில் ஒருத்தி கை காட்டினாள். அவள் தோளில் பிள்ளையின் தலை துவண்டு கிடந்தது. நான் சுவரைப் பலமாகத் தட்டினேன்.

"ஓடியா தாயி," என்றேன். "உள்ள எடம் கெடக்கு."