கையெழுத்து விழாத பத்திரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் மறுபடியும் பனி படிந்தது. சுப்புராயன் துண்டால் அழுத்தித் துடைத்தார். வருகிறவர்களுக்கு மனைவி அன்புச்செல்வியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். விடிந்ததிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

அடையாறு இந்திரா நகரின் அந்தக் குறுகிய தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. எட்டு மணிக்கு அவள் பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஆசிரியர் சங்கச் செயலாளர் கல்யாணராமன் மாலையை வைத்துவிட்டுச் சுப்புராயன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், இன்னிக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங். தள்ளி வச்சுடலாம்னு இருக்கோம்.”

இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே எதைப் பேசினாலும் எழுதினாலும் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அப்படியே நடப்பதாக ஒவ்வொருவரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாளை கடைசி நாள். சேர்ந்து மறுப்பதா, பணிந்துபோவதா என்று இன்று முடிவாக வேண்டும்.

“தள்ளாதீங்க சார். நாலு மணிக்குத்தான் எடுக்கறோம். போய் முடிச்சிட்டு வாங்க.”

அக்கா தேவானை உள்ளேயிருந்து வந்தாள். “இன்னாடா பேசற? வூட்ல பொணத்த வச்சிக்கினு மீட்டிங்கு அனுப்பற?”

“ஆஸ்பத்திரில கடைசியா அவ பேசுனதே அதான்க்கா.”

எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து கல்யாணராமனிடம் கொடுத்தார். இடது கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருக்க, அன்புச்செல்வி மூன்று நாளாக எழுதிய கடிதம். “மீட்டிங்ல படிக்கச் சொன்னா.”

ஆரம்பத்தில் அவரும் அவளிடம் கேட்டவர்தான். “ரிடையராவ ஒரு வருஷம் கீது. போட்டுக் குடுத்தா இன்னா ஆயிடும்?”

“கிண்டில முப்பது வருஷம் லேத்து ஓட்னியே, அளவு தப்புன்னு தெரிஞ்ச பீஸுக்கு எப்பவாவது ஓகே சீல் குத்தியிருக்கியா?” என்று கேட்டாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆற்றோரக் குடிசையில் பிறந்து, தெருவிளக்கில் படித்துப் பேராசிரியர் ஆனவள். கூவிப் பேசவே மாட்டாள். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

பதினோரு மணி ஆனது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், காபி குடித்தார்கள். சுப்புராயன் கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணாடியைத் துடைப்பதுமாக இருந்தார். கடிதத்தின் ஒரு வரி அவருக்கு மனப்பாடம். ‘கேள்வி கேளுங்கள் என்று முப்பது வருடம் மாணவர்களிடம் சொன்னேன், நான் கேட்பதற்கு இனி ஒருவரிடம் அனுமதி வாங்க மாட்டேன்.’ இந்நேரம் படித்திருப்பார்களா?

மூன்றரை மணிக்குத் தெருமுனையில் பேச்சுக்குரல் அடங்கியது. ஆசிரியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் நான்கு பேர். இப்போது நாற்பது பேருக்கு மேல். தேவானை அவளாகவே நகர்ந்து வழிவிட்டாள்.

கல்யாணராமன் குனிந்து அவர் காதருகே சொன்னார். “ஒருத்தரும் கையெழுத்துப் போடப்போறதில்ல சார்.”

சுப்புராயன் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் ராம்குமார் நின்றிருந்தான். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. “அந்தப் புள்ள போட்டா நான் தப்பா நெனைக்க மாட்டேன், கைக்கொழந்தக்காரன்” என்று அன்புச்செல்வி சொல்லியிருந்தாள்.

“ராம்குமாருமா?”

“அவர்தான் சார் எழுந்து நின்னு மேடம் லெட்டரைப் படிச்சார்.”

சுப்புராயன் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பாடையைத் தூக்க முன்பக்கம் அவர் தோள் கொடுத்தார். மறுபக்கம் கல்யாணராமன் வந்து நின்றார். அவர் ஆறடி, சுப்புராயன் அவர் தோளுக்குத்தான் வருவார். தூக்கியதும் பாடை ஒருபக்கமாகச் சரிந்தது. கல்யாணராமன் முழங்காலைச் சற்று மடக்கினார். மட்டம் வந்தது. தெருமுனையில் நின்ற வண்டிவரை அவர் அப்படியே நடந்தார்.