நோட்ஸில் இல்லாத அக்கா

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் சம்யுக்தாவின் அப்பா டாக்டரானார். அவள் வகுப்பில் படிக்கும் முப்பத்தெட்டுப் பேரின் அப்பாக்களும் அன்று காலையே டாக்டராகிவிட்டதால் தெருவில் யாரும் அதிசயப்படவில்லை. முந்தின நாள் வரை அவர் பஸ் கண்டக்டர். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெஞ்செரிச்சல் என்று வந்தவருக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுங்க" என்றார். வந்தவரும் சரியென்று போய்விட்டார்.

எல்லாம் பிரெஞ்சுப் பாடத்தின் உபயம். பதினொன்றாம் வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்பது வில்லிவாக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பேசுவதற்காக அதை எடுத்தவர் ஒருவரும் கிடையாது. பாடம் நடத்தும் ரெஜினா மிஸ்கூட ஒருமுறை பாண்டிச்சேரியில் எதிரே வந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர். வகுப்பு 'போன்ழூர் மிஸ்' என்ற வணக்கத்தில் ஆரம்பித்து 'மெர்சி மிஸ்' என்ற நன்றியில் முடியும். இடையில் நோட்ஸ் எழுதுவார்கள்.

ஆரம்ப நிலையில் வம்பு இல்லை. வணக்கம் சொல்லி, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினால் விட்டுவிடுவார்கள். இடைநிலையில்தான் குடும்பம் வரும். நோட்ஸில் குடும்பம் இப்படி இருந்தது: என் அப்பா டாக்டர். என் அம்மா நன்றாகச் சமைப்பாள். நாங்கள் மூன்று பேர். எங்களிடம் ஒரு பூனை உண்டு. அதன் பெயர் மினூ.

காலாண்டில் முப்பத்தெட்டுப் பேரும் புள்ளி பிசகாமல் அதையே எழுதினார்கள். எழுதியபடி வீடு இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் சரிபார்க்கும். குறைந்ததை அனுப்பும். மிஞ்சியதை எடுத்துக்கொள்ளும். அதுதான் நடைமுறை.

பூனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பத்தெட்டு வீட்டுக்கும் அதுவே போயாக வேண்டும். சம்யுக்தாவின் வீட்டுக்கு மாலை நாலு பத்துக்கு வரும். இரண்டு நிமிடம் உட்காரும். பாலைக் குடிக்கக்கூட நேரமில்லாமல் எழுந்து ஓடும். கடைசி டிரிப் அடிக்கும் ஷேர் ஆட்டோ டிரைவரைப் போல அதற்குக் கண் சிவந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பள்ளி அட்டெண்டர் பெரியநாயகம் பட்டியலோடு வந்தார்.

"அப்பா டாக்டரு. சரி. அம்மா சமைக்கிறாங்க. வாசனை வருது, சரி. பூனை?"

"இப்பதான் போச்சு" என்றாள் அம்மா.

"சரி. இது யாரு?"

இளவரசி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். சம்யுக்தாவின் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளியில் தமிழ் எடுத்துப் படித்து, அம்மா இன்றுவரை மன்னிக்காத ஒரு மார்க் வாங்கியவள்.

"என் மூத்த பொண்ணு."

"நோட்ஸ்ல இல்லையேம்மா. அரையாண்டுலயும் பாப்பா இதையே எழுதிச்சின்னா கூட்டிட்டுப் போயிடுவோம்." அவள் பெயரைக் கேட்டுப் பட்டியலின் ஓரத்தில் குறித்து, அதற்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். முதலில் இளவரசியின் தட்டு காணாமல் போனது. பிறகு ரேஷன் கார்டில் அவள் பெயர் இருந்த இடம் வெள்ளையானது. கடையில் முதலாளி அவளிடமே, "என்ன பவர் பாக்கணும்மா?" என்று கேட்டார். கண்ணாடியில் அவள் தோள் வரைக்கும்தான் தெரிந்தாள். ஆனாலும் தினமும் காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டாள். விரல்கள் லேசாகிக்கொண்டே வந்தன.

"அம்மா, நான் அக்காவையும் சேத்து எழுதப்போறேன்" என்றாள் சம்யுக்தா.

"எழுது. ஆனா மார்க் கொறையாம எழுது" என்றாள் அம்மா. பெற்றவள் சொல்லுகிற பேச்சா அது? சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மிஸ்ஸிடம் கேட்டுவிடலாம் என்று சம்யுக்தா ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தாள். கேள்வியோடு வருகிறவர்களுக்கு அந்த வராந்தா நீளும். அன்று இரண்டு பீரியட் நீளம் இருந்தது.

"மிஸ், எனக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு பிரெஞ்சுல எப்படி எழுதணும்?"

"போர்ஷன்ல இருக்கா?"

"வீட்ல இருக்காங்க மிஸ்."

"வீடு போர்ஷன் இல்லம்மா."

மிஸ் நோட்ஸை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் இல்லாத ஒரு வாக்கியம் அவருக்கும் தெரியாது. "வெளியில இருந்து எழுதாத. மார்க் போயிடும்" என்றார். நூலகத்தில் அகராதி இருந்த அலமாரிக்குச் சாவி இல்லை. மார்க் வராத புத்தகத்துக்குச் சாவி எதற்கு என்று எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம். போனில் தேடினால் நோட்ஸ்தான் வந்தது. இரண்டு வருஷப் பாடத்தில் சொந்தமாக ஒரு வரி கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டிலும் சுரைக்காயின் படம்தான்.

அரையாண்டுத் தேர்வு அன்று இளவரசி இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தாள். சம்யுக்தா நோட்ஸை ஒப்பித்து எழுதிக்கொண்டே போனாள். 'நாங்கள் மூன்று பேர்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. ஆறு மாதமாகத் தொடாத தமிழில், எழுத்து கோணக் கோண, எழுதினாள்: நாங்கள் நான்கு பேர். எனக்கு இளவரசி என்று ஓர் அக்கா இருக்கிறாள். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

மார்க் போனால் மயிரே போச்சு என்று நினைத்துக்கொண்டு பேப்பரைக் கொடுத்தாள்.

அன்று மாலை தட்டு திரும்பி வந்தது. கண்ணாடியில் இளவரசி உச்சந்தலை வரை தெரிந்தாள். "பொட்டு கோணலா வச்சிருக்கேன்டி, இத்தனை நாளா சொல்லவேயில்ல" என்று தங்கையின் முதுகில் ஒன்று வைத்தாள். அம்மா வடை சுட்டாள்.

பேப்பரை யாரும் படிப்பதில்லை என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். ரெஜினா மிஸ் ஸ்கேல் வைத்துத்தான் திருத்துவார். சம்யுக்தாவின் விடை மற்றவர்களுடையதைவிட மூன்று சென்டிமீட்டர் நீளம். நூற்றுக்கு நூறு. மிஸ் பூரித்துப்போய் அதை முப்பத்தெட்டு ஜெராக்ஸ் எடுத்தார். அதுவே புது நோட்ஸ் ஆனது.

வகுப்பு முழுவதும் அதை நெட்டுருப் போட்டது. சம்யுக்தாவின் கோணல் எழுத்தைக் கோணல் மாறாமல் போட்டுப் பழகினார்கள். நடுவில் வருவது என்ன பாஷை என்று ஒருவரும் கேட்கவில்லை. மனப்பாடம் செய்கிறவனுக்குப் பாஷை எதற்கு?

"அது என் அக்கா. எழுதாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

"நோட்ஸ்ல இருக்கே" என்றார்கள்.

முழுத் தேர்வு முடிந்த மறுநாள் பெரியநாயகம் வந்தார். இந்த முறை பட்டியலோடு ஒரு கால அட்டவணையும் இருந்தது.

"இளவரசி ஒருத்தரு. வீடு முப்பத்தெட்டு. கெளம்புங்க."

"தினமும் காலையிலன்னு எழுதியிருக்கேன் சார். எங்க வீட்டுக்குக் காலையில வரணும்."

"எல்லாரும் அதான் எழுதியிருக்காங்க. உங்க வீட்டுக்குக் காலைங்கிறது சாயந்தரம் நாலு பத்துக்கு வரும்."

இப்போது நாலு பத்துக்கு இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், பூனையும் இளவரசியும். அம்மா இரண்டு தம்ளர் பால் வைக்கிறாள். இரண்டும் ஆடை படிந்து நிற்கின்றன. இளவரசி தங்கையின் தலையைக் கோதி மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்குவாள். காது வரை வருவதற்குள் பூனை எழுந்துவிடும்.

"இரு அக்கா. இன்னும் ரெண்டு பின்னல்தான்."

"அடுத்த வீட்ல பையன்டி. அவனும் எழுதிட்டானே. தலையை விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பான்."

அவள் போய்விட்டாள். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் நாளுக்குச் சம்யுக்தா பாதி பின்னிய தலையோடு போனாள். முப்பத்தெட்டுப் பேருக்கும் அப்படித்தான் இருந்தது, பையன்கள் உட்பட. ரெஜினா மிஸ் ஒவ்வொரு பின்னலையும் ஸ்கேலால் அளந்து, எல்லோருக்கும் நூறு போட்டார்.

"மெர்சி மிஸ்" என்றது வகுப்பு.