பார்த்தால் மாறும் எடை

சோப்பு ஆலை மாடியில் இருந்த சோதனை அறையில் அவளுக்கு வேலை நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு தடைதான். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அவள் போடும் எடை மாறிவிடும்.

தனியாக இருக்கும்போது அநேகமாக எல்லாம் ஒழுங்கு. சோப்புத் துருவலைத் தட்டில் வைத்து, தராசின் கண்ணாடிக் கதவை மூடி, எண் நிலைத்ததும் குறித்துக்கொள்வாள். மறுபடி போட்டாலும் அதே எண். மேலாளர் வந்து எட்டிப் பார்த்தால் போதும், கடைசி இலக்கங்கள் பேய் பிடித்ததுபோல ஆடும். கூடவே அவள் விரல்களும் ஆடும். ஆலையில் அவளுக்கு 'நடுக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"நடுக்கம், இன்னைக்கு சாயங்காலம் முடிவு சொல்லணும்மா," என்றார் மேலாளர். "ஆள் நல்ல ஆள்தான். கைதான் ஒத்துழைக்கல."

கைதான் என்று அவளும் நம்பினாள். நேற்றுகூடத் தங்கையை எதிரில் உட்காரவைத்து ஊசியில் நூல் கோத்துப் பழகினாள்.

"முறைக்கவா, சும்மா பாக்கவா?" என்று கேட்டாள் தங்கை.

"முறை."

ஊசி விரலில் ஏறியது.

இப்போது மேலாளர் தோளருகே நிற்க, எண் வழக்கம்போல ஆட ஆரம்பித்தது. அவள் குனிந்து பார்த்தாள். தராசுக் கதவு மூடியிருந்தது. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

மடியில் இருக்கிற கை மூடிய கதவுக்குள் எப்படி எடையை மாற்றும்?

பக்கத்தில் வருகிறவர் இரண்டு வேலை செய்கிறார். பார்க்கிறார். நிற்கவும் செய்கிறார். இரண்டும் ஜோடியாகவே வந்ததால், அவள் பார்வையை மட்டும் பிடித்துக் குற்றவாளியாக்கியிருக்கிறாள். பிரிக்க வேண்டும்.

"சார், வெளிய போங்க!"

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது.

"என்னது?"

"வெளிய படிக்கட்டுப் பக்கம் நின்னு, ஜன்னல் கண்ணாடி வழியா என்னை முறைங்க. நல்லா முறைங்க."

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பேக்கிங் அக்கா ஓடிப்போய் ஆள் திரட்டினாள். கண்ணாடியில் வரிசையாக மூக்குகள் அப்பின. மெக்கானிக் அண்ணன் புருவத்தை நெரித்துப் பயங்கரமாக முறைத்தார். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் துருவல் பாதி மேசையில் கொட்டியது. மீதியை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். எண் கல்லாக நின்றது.

"இப்ப உள்ள வாங்க. ஒருத்தரும் என்னைப் பாக்கக் கூடாது. முதுகைக் காட்டி நில்லுங்க."

தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அவள் கை அமைதியாக இருந்தது. எண் தலைதெறிக்க ஓடியது.

"ஓடுது, ஓடுது!" என்று அவள் கூவினாள்.

"திரும்பிப் பாக்கலாமா?"

"கூடாது! எல்லாரும் ஒரு எட்டு இடது பக்கம்! இப்ப வலது பக்கம்! அண்ணா, நீங்க குதிங்க!"

"இது சோதனையா, நாட்டியமா?" என்று சிரித்தபடி பேக்கிங் அக்காவும் சேர்ந்து குதித்தாள். மேலாளர் மேசையோரத் தரைப் பலகையில் கால் வைத்ததும் எண் எகிறியது. மெக்கானிக் அண்ணன் மண்டியிட்டுத் தரையை அழுத்தினார்.

"பலகை தொய்யுது சார். மேல நின்னா மேசையே சாயுது."

"அப்போ தப்பு என் உடம்புதானா?"

"தரைதான் சார்," என்றாள் அவள். "நீங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணீங்க."

அறையே குலுங்கிச் சிரித்தது. மேலாளர் மட்டும் தாடையைத் தடவினார். "போன வாரம் ஒரு தரம் நீ தனியா இருந்தப்பவும் மாறிச்சே. அதுவும் தரையாலதானா?"

ஆமாம் என்றால் முடிந்தது. எல்லோரும் அந்த ஆமாமுக்காகக் காத்திருந்தார்கள்.

"அடியே, சொல்லேன்!" என்று பேக்கிங் அக்கா கிள்ளினாள்.

"தெரியல சார். அன்னைக்கு நான் அசையாம உக்காந்திருந்தேன். தரைன்னு சொல்லிடலாம், கேக்கவும் நல்லா இருக்கும். ஆனா அது வேற ஏதோ."

பேக்கிங் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற ஏதோன்னா?"

"அதான் தெரியல."

மேலாளர் அவளையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "தெரியாததைத் தெரியலன்னு சொல்ற ஆளை வெளிய அனுப்பிட்டு, நான் யார்கிட்ட கேக்கறது? நாளையிலேர்ந்து நிரந்தரம், போ."

அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சுடி! தப்பு கையில இல்ல, தரையில!"

"கண்டுபிடிச்சிட்டியாக்கா?"

"பாதி!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். "பாதிதான்டி!"

"பாதிக்கே வேலையா? அப்போ மீதியை மெதுவாவே தேடுக்கா. முழுசா கண்டுபிடிச்சா அனுப்பிடப் போறாங்க!"