சிவப்புப் பொத்தான்

என் வீட்டுக்காரருக்கு ஒரு காதலி இருக்கிறாள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காலையில் அவர் அலுவலக வாசலில் கால் வைத்ததும், கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருவாள். கழுத்தை வளைப்பாள், இறக்கையை விரிப்பாள், ஒரு குச்சியைக் கவ்வி மேலே எறிந்துவிட்டுத் துள்ளுவாள். பெருங்கொக்குகள் தங்கள் துணைக்கு மட்டுமே ஆடிக் காட்டும் ஆட்டம் அது. என்னைக் கண்டால் அலகை நீட்டிக்கொண்டு கொத்த வருவாள். நான் அவளுக்கு வைத்த பெயர் சக்களத்தி.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அவள் கதை வேடிக்கை இல்லை. யாரோ ஒரு பணக்கார வீட்டில் மடியில் வைத்துச் சீராட்டி வளர்த்த பறவை. முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் அவள் பார்த்தது மனித முகம். அதனால் தன்னையும் மனுஷி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஓர் ஆண் கொக்கை அவள் பக்கத்தில் விட்டுப் பார்த்தோம். வழி கேட்க வந்த அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இனி ஜோடி கிடையாது, குஞ்சு கிடையாது. உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கும் இனத்தில் பிறந்துவிட்டு, ஆயுள் முழுக்க என் கணவருக்காக ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சக்களத்தி உருவாகக் கூடாது என்பதற்காகவே எங்கள் காப்பு மையத்தில் குஞ்சு வளர்ப்பவர்கள் முகம் காட்டுவதில்லை. குஞ்சு இருக்கும் கொட்டகைக்குள் போகுமுன் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்ட வேண்டும். முகத்துக்கு நேரே வலைத்துணி. வலது கையில் கொக்குத் தலைப் பொம்மை. அதன் அலகால்தான் மீன் ஊட்ட வேண்டும். இடுப்பில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி. பச்சைப் பொத்தானை அமுக்கினால் தாய்க்கொக்கு குஞ்சைக் கூப்பிடும் குரல் வரும். சிவப்பை அமுக்கினால், 'ஆபத்து, ஓடு' என்று அது அலறும் குரல். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வாய் திறக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் வெளியே ஓடி வந்துதான் தும்ம வேண்டும்.

அங்கிகளைத் தைத்துக் கொடுப்பது என் மாமியார். மையத்தின் குடியிருப்பில் எங்களோடுதான் இருக்கிறார். "கொக்குகிட்ட நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்கா. மிச்சம் பிடிச்ச பேச்சையெல்லாம் சாயங்காலம் என் தலையில கொட்டுறா" என்பார் பார்ப்பவர்களிடமெல்லாம். நான் வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

இந்த வருஷம் எங்களுக்குப் பொரித்தது ஒரே ஒரு குஞ்சு. செம்பழுப்புத் தூவி உதிர்ந்து, சிறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பறக்கப் பழக வேண்டும். அப்புறம் சதுப்பு நிலத்தில் விட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, மாவரைக்கும் சத்தத்துக்கு நடுவே, என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். அவர் மையத்தின் நிர்வாகி. தர்மசங்கடமான விஷயத்தை எப்போதும் மிக்ஸி ஓடும்போதுதான் சொல்வார்.

"நாளைக்கு அறக்கட்டளைத் தலைவர் வர்றாரு."

"வரட்டும். டீ போட்டுத் தரேன்."

"குஞ்சைக் கையில வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கணுமாம்."

நான் மிக்ஸியை நிறுத்தினேன்.

"அங்கி போட்டுக்கிட்டா?"

"அங்கி போட்டா அவர் யாருன்னு எப்படித் தெரியும்? ஒரே ஒரு போட்டோதான். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

"நீங்களும் கூடவே முகத்தைக் காட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

அவர் தட்டில் இல்லாத எதையோ துடைத்தார்.

"சொல்லுங்க. சரின்னு சொல்லிட்டீங்களா?"

"சதுப்பு நிலம் அவங்களோடதும்மா. அவர் வேண்டாம்னுட்டா குஞ்சை எங்க கொண்டுபோய் விடுவே? மொட்டை மாடியிலயா?"

"மனுஷ மடி பழகின குஞ்சைச் சதுப்புல விட்டா என்ன, மொட்டை மாடியில விட்டா என்ன? முதல்ல வர்ற வேட்டைக்காரன்கிட்ட வாலாட்டிக்கிட்டு ஓடும்."

"நீ எல்லாத்தையும் பெருசாக்குறே."

"உங்களுக்கு இன்னொருத்தி ஆடணுமா? இருக்கிறவ போதலையா?"

அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "டேய், நான் என் கண்ணு போக ஊசி கோத்துத் தச்ச அங்கி. அதைப் போடாம எவன் உள்ள போறான்னு நானும் பார்க்கிறேன்."

"அம்மா, நீங்களுமா?"

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். போகிற வழியில் சக்களத்தி ஆடினாள். நின்று பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் நான் வழக்கத்துக்கு முன்னதாகவே கொட்டகைக்குள் போய்விட்டேன். குஞ்சு என் பொம்மை அலகைத் தன் அலகால் தட்டிவிட்டு மீன் வாங்கித் தின்றது. கொட்டகையின் பின்பாதி வானம் பார்த்த நாணல் மேடு. அங்கே அதை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது முன்கதவுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

குஞ்சு கழுத்தைத் தூக்கியது. பயமில்லை, ஆசை. புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. நான் ஓடிப்போய்க் கதவுக்கு நேரே நின்று, அங்கியின் கைகளை இறக்கை மாதிரி விரித்தேன். வாசலில் என் வீட்டுக்காரர். அவர் பின்னால் பளபளக்கும் காலணியோடு தலைவர், அவருக்கும் பின்னால் கேமராக்காரர். மூன்று பேரும் வெறும் முகம்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர் கிசுகிசுப்பாக.

என்னிடம் சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒன்றையும் சொல்ல முடியாது. பொம்மை அலகால் அவர் மார்பில் ஒரு கொத்துக் கொத்தினேன்.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்! நடிப்பெல்லாம் காட்டுறாங்களே!"

அந்தச் சிரிப்புக்குக் குஞ்சு என் பக்கவாட்டில் வந்து நின்றது. என் கணவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. தலையைச் சாய்த்து, சக்களத்தி பார்ப்பாளே, அதே பார்வை. ஓர் அடி எடுத்து வைத்தது.

அந்த முகத்தை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நரிக்கும் கழுகுக்கும் அமுக்க வேண்டிய பொத்தானை அந்த முகத்துக்கு அமுக்கினேன்.

அலறல் கொட்டகையை அதிர வைத்தது. குஞ்சு துடித்துத் திரும்பியது. நானும் அதோடு ஓடினேன். தாய் ஓடினால்தானே குஞ்சு நம்பும்? அங்கி தடுக்க, விழுந்து எழுந்து, நாணலுக்குள் புகுந்து அதன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முழங்கையில் தெரிந்தது. என் நெஞ்சும் அப்படித்தான்.

வெளியே கதவைச் சாத்தும் சத்தம். அத்தையின் குரல்: "கொட்டகை வாசல்ல என்ன கச்சேரி? பேசறதா இருந்தா கேட்டுக்கு அந்தப் பக்கம் வாங்க."

ஆனால் தலைவர் நகரவில்லை. "அந்தப் பொண்ணை வெளிய வரச் சொல்லுங்க. இப்பவே."

நாணலுக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"உள்ள பொண்ணு யாரும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "தாய்க்கொக்குதான் இருக்கு."

"கிண்டல் பண்றீங்களா?"

"இல்லீங்க. தாய்க்கொக்கு வேண்டாம்னு சொல்லிடுச்சு. உங்களை மட்டுமில்ல, என்னையும்தான்."

"அப்போ சதுப்பு நிலத்தை மறந்துடுங்க."

"சரிங்க."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, சமாதானம் சொல்லவில்லை. காலணிச் சத்தம் தூரமாகிப் போயிற்று. நான் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். குஞ்சு நாணலிலிருந்து கழுத்தை நீட்டி என் பக்கம் வந்தது.

அடுத்த முறைக்கான ஊழியர் வந்ததும் வெளியே வந்து முக்காட்டைக் கழற்றினேன். அவர் கைகழுவும் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சட்டையில், நான் கொத்திய இடத்தில், மீன் கறை.

"என்னைப் பார்த்து அலறி ஓடுச்சு" என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம்.

"ஓடணும்."

"நீ கொஞ்சம்கூட யோசிக்கல, இல்ல?"

"யோசிச்சேன். அமுக்கினேன். நாளைக்கு வந்தாலும் அமுக்குவேன். நிலம் போனாப் போகட்டும். நம்ம ஊர் அணைக்குப் பின்னால தண்ணி நிக்குது, குஞ்சை அங்க விடலாம். கரை முழுக்க முள்ளு, வெட்டணும். நான் வெட்டுறேன். குஞ்சு கெட்டுப்போனா எந்தத் தண்ணி இருந்து என்ன?"

"ஒத்தையாவா வெட்டுவே?"

"அது உங்க இஷ்டம்."

"அரிவாள் சாமான் கொட்டகையிலதானே இருக்கு?" என்றார்.

நான் அவர் சட்டைக் கறையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. "நாளைக்குக் காலையில வாங்க" என்றேன். "இதே முகத்தோட. கத்திக்கிட்டு, மிரட்டிக்கிட்டு வாங்க. ஒரு தடவை பயந்தா மறந்துடும். தினம் பயப்படணும்."

"தினம் நான் வில்லனா?"

"ஏன், உங்களைக் கதாநாயகனா நினைச்சுத்தான் அங்க ஒருத்தி ஆடுறாளே."

மறுநாள் வந்தார். வெறும் கையோடு இல்லை. சமையலறைத் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு, பின்னால் இன்னொரு தட்டோடு அத்தையும். இருவருமாகப் பின்பக்கத்து வேலியைத் தாண்டி, தட்டை அடித்துக்கொண்டு, காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். அத்தை திட்டியவற்றில் சில எனக்கானவை என்று சந்தேகம். கேட்க முடியாது, நான் வாய் திறக்கக் கூடாது.

சிவப்பை அமுக்கினேன். ஓடினோம். குஞ்சு என்னை முந்தியது. மேட்டில் காற்று எதிர்த்து வந்தது. அரைகுறையாக முளைத்த இறக்கையை அது அடித்தது, இன்னும் அடித்தது. அதன் கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின.

எனக்குப் பின்னால் தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பொம்மை அலகை அவர் பக்கம் நீட்டி ஆட்டினேன். புரிந்துகொண்டார். மறுபடி கத்த ஆரம்பித்தார்.